குறை சொன்னால் தேத்தண்ணி

எங்கள் வீட்டுக் கணினி மேசையில் பழுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாகக் கறை இருக்கிறது. தேநீர்க் குவளை, எங்கள் பேச்சில் தேத்தண்ணிப் பேணி, வைத்த இடங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சிலது பாதியில் அறுந்து, பழைய சங்கிலியைப் போட்ட மாதிரிக் கிடக்கும். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். தேசிக்காய் பிழிந்தும் பார்த்தார். போகவில்லை. இப்போது யாராவது துணியோடு அந்தப் பக்கம் போனால் "அதை விடுங்கோ" என்கிறார். அந்த வட்டம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் என் அக்காவுக்குச் சொன்ன ஒரு குறை. குறை சொன்னவருக்குத்தான் எங்கள் வீட்டில் தேத்தண்ணி. அது எப்படி வந்தது என்று சொன்னால்தான், நான் ஏன் ஒரு கறையைப் பார்த்துச் சிரிக்கிறேன், ஏன் சிரித்துக்கொண்டே அழுகிறேன் என்பது விளங்கும்.

அக்கா ஊர்காவற்றுறையில், ஆட்கள் போன் எடுக்கவும் இணையம் பார்க்கவும் வருகிற ஒரு கொமினிக்கேசன் கடையில் வேலை செய்தாள். கடையை மூடியபோது முதலாளி ஒரு பழைய கணினியைத் தூக்கிக் கொடுத்து, "கொண்டுபோய்க் கோழி அடைக்கப் பாவியும் பிள்ளை" என்றாராம். அவள் அதைப் போர்வையால் சுற்றி, குறிகாட்டுவான் துறையில் படகேறி, மடியில் வைத்துக்கொண்டு நெடுந்தீவுக்கு வந்தாள். அன்று கடல் குமுறல். தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் குடையை அதற்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு மனிசி, "குழந்தைக்கு எத்தினை மாசம்?" என்று கேட்டாவாம். "இதுக்கு என்னைவிட வயசு கூட அம்மா" என்றாளாம் இவள். படகு முழுக்கச் சிரிப்பு. துறையில் இறங்கும்போது நான் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை ஈரம், முகம் முழுக்கப் பல்.

அந்தப் பெட்டிக்கு விண்டோஸ் தாங்காது. அது எழும்பி வருவதற்குள் அம்மா உலை வைத்துச் சோறு வடித்துவிடுவார். அக்கா விடவில்லை. கடையில் இருந்தபோதே அவள் எங்கேயோ படித்து வைத்திருந்தாள்: உலகத்தில் சில பேர் சம்பளம் இல்லாமல், ஆசைக்காக, வேறொரு இயங்குதளம் செய்கிறார்கள், அது மெலிந்த கணினியிலும் ஓடும் என்று. அதை ஒரு பென் ட்ரைவில் ஏற்றிவந்து போட்டாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "மற்றச் சிஸ்டம்". பொத்தானை அமத்திவிட்டுக் கதிரையை இழுத்து அதில் இருப்பதற்குள் எழும்பிவிடும். திரையில் யன்னல்கள் திறந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஒரு மஞ்சள் பட்டி இருக்கும். "முழுகி மஞ்சள் பூசின பொம்பிளை மாதிரி இருக்கு" என்றார் அம்மா. அவருக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

இணையப் பக்கங்களைத் திறக்க அதற்குள்ளேயே ஒரு உலாவி இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து அதற்குள் பொருத்திய வேறு உலாவிகளும் கிடைக்கும். ஆனால் அவை பெரிசு, எங்கள் பெட்டிக்கு மூச்சு வாங்கும். அக்கா சொல்லுவாள், "இது இந்த வீட்டிலை பிறந்த பிள்ளை. மற்றதெல்லாம் மருமோள்மார்." அதற்கு அம்மா, "மருமோள் வந்தாத்தானடி வீடு துலங்கும். உன்ரை வீட்டுப் பிள்ளை வீடியோ ஒண்டு ஓட்டிக் காட்டட்டும் பாப்பம்" என்பார். உண்மைதான், வீடியோ ஓடாது. வங்கிப் பக்கம் திறக்காது. சில பக்கங்கள் தலைகீழாய் விழுந்து கிடக்கும். சில நேரம் உலாவியே பேசாமல் மூடிக்கொண்டு போய்விடும். அக்கா கோபிக்கவே மாட்டாள். "குமர்ப்பிள்ளை, கொஞ்சம் ரோசம்" என்று மறுபடி திறப்பாள். எழுத்து மட்டும் உள்ள பக்கம் என்றால் அது பறக்கும். எங்கள் போனை யன்னல் கம்பியில் தென்பக்கம் பார்த்துக் கட்டினால்தான் சிக்னல் வரும், அந்த மெல்லிய சிக்னலிலும் பறக்கும்.

அந்த உலாவியைச் செய்பவர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. புதுப் பதிப்பு வந்தால், "உங்களுக்கு எப்படி ஓடுகிறது?" என்று அங்கே கேட்பார்கள். பல நாட்டுக்காரர் பதில் எழுதுவார்கள். அக்கா அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலிசில், நெடுந்தீவிலிருந்து எழுதத் தொடங்கினாள். ஒரு குளிர் நாட்டுக்காரர், அந்த உலாவியைத் திருத்துகிறவர்களில் ஒருவர், நெடுந்தீவை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன் என்று பதில் போட்டார். அக்கா அன்று முழுக்க நிலத்தில் நடக்கவில்லை. தான் ஒருத்தி பார்த்துச் சொல்வது போதாது, ஊர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அப்படித்தான் மூன்று பேர் எங்கள் வீட்டுக் கதிரைக்கு வந்தார்கள். ஒருவர் சம்மாட்டியார். சொந்தமாக வள்ளமும் வலையும் உள்ளவர். அவருக்குக் காற்று சொல்லும் பக்கம். இரண்டாவது உபதேசியார், மாதா கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிறவர். அவருக்கு அன்றன்றைக்குரிய வேத வசனப் பக்கம். மூன்றாவது எங்கள் பெரியம்மா. அவவுக்கு மரண அறிவித்தல் பக்கம். கனடாவிலும் பிரான்ஸிலும் லண்டனிலும் எங்கள் தீவுக்காரர் யார் செத்தாலும் படத்தோடு அதில் வரும். காலையில் அதைப் பார்க்காவிட்டால் பெரியம்மாவுக்குச் சோறு இறங்காது. மூவர் கையிலும் போன் இருக்கிறதுதான். ஆனால் கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்து எங்கள் வீட்டில் பெரிதாய்த் தெரியும், அம்மாவின் தேத்தண்ணி கிடைக்கும், சிரிக்க அக்காவின் பகிடியும் கிடைக்கும். அந்த இயங்குதளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் விலாசத்தையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து முகப்பில் வைக்கலாம், நினைத்த பெயர் வைக்கலாம். அக்கா வைத்தாள்: "சம்மாட்டியார் காத்து", "உபதேசியார் வசனம்", "பெரியம்மா செத்தவீடு". மூன்றாவதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, "என்னை உயிரோடையே அனுப்பிப் போட்டியோடி, எளியவளே" என்று அவள் தலையில் குட்டினா.

புதுப் பதிப்பு ஒன்று வந்தது. மூவரும் வந்தார்கள், இருந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். "எப்படி ஓடுது?" என்று அக்கா கேட்டால் மூவருக்கும் ஒரே பதில்: "நல்லா ஓடுது பிள்ளை." நாள்தோறும் அதே. அக்கா மன்றத்தில் எழுதினாள், இங்கே எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று. மற்ற நாட்டுக்காரர் எல்லோரும் அந்தப் பதிப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கங்கள் குழம்புகின்றன, பழசையே காட்டுகிறது என்று. நெடுந்தீவில் மட்டும் குறையே இல்லை. குளிர் நாட்டுக்காரர் குழம்பிப்போய், உங்கள் கணினி என்ன வகை, சொல்லுங்கள் என்று கேட்டார். அக்கா பெருமையோடு, "எங்கடை உப்புக்காத்துக்கு ஒத்துப்போகுது போலை" என்றாள்.

பிறகு ஒரு நாள் காலை பெரியம்மா கதிரையில் இருந்தபடியே "ஐயோ என்ரை மச்சான்!" என்று தலையில் அடித்தா. கனடாவில் இருக்கும் அவவின் மச்சான்காரரின் படம், மரண அறிவித்தல் பெட்டிக்குள். எங்களுக்குச் சொல்லாமலே வெளியே ஓடி, கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்து, ஈரத் தலையோடு வந்து அக்காவின் போனை வாங்கிக் கனடாவுக்கு எடுத்தா. நாங்களும் சுற்றி நின்றோம். மறுபக்கம் ஒரு ஆண்குரல், "ஆர் கதைக்கிறது?" என்றது. போன் சத்தமாக இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"நான்தான், நெடுந்தீவிலையிருந்து. மச்சான் மோசம் போயிட்டாராம் எண்டு பாத்தனான், தாங்கேலாமக் கிடக்கு."

"எந்த மச்சான்?"

பெரியம்மா பெயரைச் சொன்னா.

"அது நானெல்லோ" என்றது குரல். பெரியம்மா போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தா. பிறகு அந்த மனிசன் ஆறுதலாகக் கேட்டார், "எப்ப எடுக்கினமாம்? நானும் ஒருக்கா வந்து தலையைக் காட்ட வேணுமெல்லோ."

பெரியம்மா போனைக் கீழே போட்டுவிட்டா. அக்கா நிலத்தில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, என்ன என்று தெரியாமலே சிரித்தார். நடந்தது இதுதான். அந்தத் தளத்தில் பிறந்தநாள் வாழ்த்தும் வரும், மரண அறிவித்தலும் வரும். புதுப் பதிப்பில் பக்கம் குழம்பி, வாழ்த்துக்குரிய படம் பக்கத்து அறிவித்தலுக்குள் போய் விழுந்திருக்கிறது. மச்சான்காரர் அன்று பேரப்பிள்ளைகளோடு கேக் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சிரித்து முடிந்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. "பெரியம்மா, இது இண்டைக்குத்தான் இப்பிடியோ, முந்தியும் இப்பிடியோ?" என்று கேட்டாள். பெரியம்மா சேலைத்தலைப்பால் தலையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தா. "எப்பவுந்தான். படமொண்டு, பேரொண்டு. நானே ஒரு மாதிரிப் பொருத்திப் பொருத்திப் பாத்துக்கொண்டு வந்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"தேத்தண்ணி குடிச்ச வீட்டிலை இருந்துகொண்டு அந்த வீட்டுச் சாமானுக்குக் குறை சொல்லுறதே? என்ன பழக்கம் அது?"

அக்கா உடனே சம்மாட்டியார் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். அவர் கல்வேலி ஓரமாக கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வற்புறுத்திக் கேட்ட பிறகு மெல்லச் சொன்னார்: "கனநாளா நேற்றையான் காத்தைத்தான் இண்டைக்கும் காட்டுது பிள்ளை. ஒரு நாள் பெருங்காத்து எண்டு போட்டிருந்தது. வெளியிலை கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. போனா உமக்கு மனம் நோகுமெண்டு நான் கடலுக்குப் போகேல்லை." உள்ளேயிருந்து அவருடைய மனிசி, "அண்டைக்கு முழுக்க எனக்கு முன்னாலை இருந்து கொட்டாவி விட்டவர்" என்று கத்தினா. உபதேசியார் இன்னும் மோசம். அவருடைய பக்கத்தில் வசனத்தின் கீழ்ப்பாதியே வருவதில்லை. "மிச்சம் எனக்குப் பாடந்தானே மகள், அதாலை குறை தெரியேல்லை" என்றார். அந்த மூன்று பேருடைய மரியாதையால் உலகத்திலேயே குறையில்லாத இடம் என்று நெடுந்தீவுக்குப் பெயர் வந்திருக்கிறது.

அக்கா அன்றே மன்றத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். கிணற்றடியையும் மறைக்கவில்லை. பிறகு வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். இனித் தேத்தண்ணி முதலில் இல்லை. பக்கத்தைப் பார்த்துக் குறை சொன்னால்தான் தேத்தண்ணி. குறை இல்லையென்றால் வெறும் தண்ணீர். அம்மாவுக்கு அது பெரிய அவமானம். "ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?" என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் ஊருக்கு அது திருவிழா ஆகிவிட்டது. சம்மாட்டியார் படலையைத் திறக்கும்போதே "பிள்ளை, குறையோடை வாறன்!" என்று குரல் கொடுப்பார். ஒரு நாள் குறையே கிடைக்காமல் உபதேசியார் திரையை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த எழுத்து கொஞ்சம் கறுப்புக் கூட" என்றார். அக்கா, "அது பொய்க்குறை சாமி, அரைப்பேணி" என்று தீர்ப்புச் சொன்னாள். அம்மா உண்மையாகவே அரைப்பேணி கொண்டுவந்து வைத்தார். உபதேசியார் அதைக் குடித்துவிட்டு, "தேத்தண்ணியும் கொஞ்சம் வெளிறல். இப்ப மற்றப் பாதியைத் தாருங்கோ" என்றார்.

மன்றத்துக்காரருக்கும் இது பிடித்துப்போய்விட்டது. அவள் எழுதிய குறைகளை வைத்துத்தான் அந்தப் படக் குழப்பத்தைத் திருத்தினோம் என்று குளிர் நாட்டுக்காரர் எழுதினார். அதற்குப் பிறகு புதுப் பதிப்பு வந்தால் அவர் அக்காவிடம் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. எப்படி ஓடுகிறது என்று கேட்கமாட்டார். "தீவில் எத்தனை தேத்தண்ணி?" என்றுதான் கேட்பார். பேணிகள் கூடினால் பதிப்பு மோசம், குறைந்தால் நல்லது. மற்ற நாட்டுக்காரரும் தங்கள் தங்கள் தேத்தண்ணிக் கணக்கை எழுதத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "அவையள் ஆர் வீட்டுத் தேயிலையிலை குடிக்கினம்?" என்று கேட்டார்.

மாரி மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அவளைப் பெட்டியில் வைத்து அதே படகில் கொண்டுவந்தோம். அன்று கடல் அசையாமல் கிடந்தது. குடை பிடிக்கவும் தேவை இருக்கவில்லை. இதற்கு மேல் எனக்கு இதை எழுத வராது.

கணினியை யாரும் தொடவில்லை. அம்மா அதற்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி நெருங்கிய நாட்களில் ஒரு காலை நான் துண்டை விலக்கிப் பொத்தானை அமத்தினேன். ஏன் என்று தெரியாது. கதிரையை இழுத்து இருப்பதற்குள் எழும்பி, மஞ்சள் பட்டியோடு நின்றது. எனக்கு அதன் மேல் கோபம் வந்தது. மன்றம் அக்காவின் பெயரிலேயே திறந்தது. புதுப் பதிப்பு வந்திருந்தது. குளிர் நாட்டுக்காரர் கேட்டிருந்தார், தீவில் எத்தனை தேத்தண்ணி என்று. பதில் இல்லாததால் மறுபடியும் கேட்டிருந்தார், நலமா என்று. அவர்களுக்குத் தெரியாது. அங்கே அக்கா இன்னும் உயிரோடு இருந்தாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலிசு எனக்கு வராது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருந்தது. அக்கா இல்லை என்று மட்டும் எழுதினால், அவர்கள் அனுதாபம் எழுதுவார்கள், பிறகு நெடுந்தீவை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அது அவளுடைய இடம். அந்த இடத்தில் ஒரு தடவையாவது, அவள் செய்த மாதிரியே, ஊர் சொன்ன ஒரு உண்மையான குறையை வைத்துவிட்டுத்தான் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஒரு தேத்தண்ணி போதும். புதுப் பதிப்பை ஏற்றிவிட்டுப் போய் மூவரையும் கூப்பிட்டேன்.

வந்தார்கள். யாரும் படலையில் குரல் கொடுக்கவில்லை. சம்மாட்டியார் காற்றைப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுது பிள்ளை" என்றார். காற்றின் திசை காட்டும் அம்புக்குறி அசையாமல் நின்றது எனக்கே தெரிந்தது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நல்லா ஓடுது மகள்" என்றார். செத்தவீட்டில் வந்து யார் குறை சொல்லுவார்கள்? அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் எதுவும் இல்லை. "அண்ணை, ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ" என்று சம்மாட்டியாரிடம் கெஞ்சினேன். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

பெரியம்மா கதிரையில் இருந்தா. "பெரியம்மா செத்தவீடு" திறந்தது. முதலாவதாக அக்கா. பிரான்ஸில் இருக்கும் சித்தப்பா அந்தியேட்டி அழைப்புக் கொடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது. படமும் பெயரும் இந்த முறை சரியாகப் பொருந்தியிருந்தன. மாறிப்போயிருக்கக்கூடாதா என்று எல்லோரும் நினைத்தோம் என்று நினைக்கிறேன். கிணற்றடிக்கு ஓடினால் போதும், போன் எடுத்தால் அவள் "அது நானெல்லோ" என்று சொல்லுவாள் என்று. பெரியம்மா அழவில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்தா. கண்ணாடியை மூக்கில் ஏற்றினா. விரலால் படத்தின் கன்னத்தை மேலிருந்து கீழே தடவினா.

"இதென்ன இது?" என்றா. குரலில் நல்ல கோபம். "என்ரை பிள்ளை வட்ட முகமெல்லோ. உது ஏன் அவளின்ரை முகத்தை இப்பிடி நீட்டி இழுத்து வைச்சிருக்கு? ஆடு மாதிரி! இது குறை. எழுது. பெரிய குறை எண்டு எழுது."

நான் பார்த்தேன். உண்மைதான். உலாவி படத்தை நெடுக்காக இழுத்துவிட்டிருந்தது. போனில் அதே பக்கத்தை எடுத்துப் பார்த்தோம், அங்கே வட்ட முகம். சம்மாட்டியார் எட்டிப் பார்த்து, "ஓமோம், ஆடுதான்" என்றார். சொல்லிவிட்டுப் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தார். அம்மா அங்கே இல்லை. குசினியில் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு குறைகள் நிற்கவில்லை. காற்று அம்பு அசையவில்லை. வசனத்தின் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது. உபதேசியார் எழுத்து கறுப்புக் கூட என்று மறுபடியும் தொடங்க, அம்மா உள்ளேயிருந்தே, "அரைப்பேணி!" என்றார். அக்காவின் குரல் மாதிரியே இருந்தது. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அம்மா பேணிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. அவர் துடைக்கவில்லை.

போனில் தமிழில் எழுதி, மொழிபெயர்ப்புப் போட்டு, அதை அக்காவின் உலாவியிலேயே தட்டச்சுச் செய்தேன். முதலில் தேத்தண்ணிக் கணக்கு. பிறகு குறைகள். முகம் நீண்ட குறையை முதலாவதாக வைத்தேன். அது யாருடைய முகம் என்பதைக் கடைசி வரியில் சொன்னேன்.  குளிர் நாட்டுக்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது: அந்தக் குறையை நானே திருத்துகிறேன்.

திருத்திய பதிப்பு போன கிழமை வந்தது. பெரியம்மாவைக் கூட்டிவந்து பழைய அழைப்பைத் தேடித் திறந்தோம். அக்கா வட்ட முகத்தோடு இருந்தாள். பெரியம்மா இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தா, அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தா. "இப்ப சரி. இப்ப என்ரை பிள்ளைதான்" என்றா. கொஞ்சம் பொறுத்து, குசினிப் பக்கம் திரும்பி, "அப்ப எனக்கு இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டா.

"குறையில்லாட்டில் வெறுந்தண்ணிதான். சட்டமெல்லோ" என்றார் அம்மா.

பெரியம்மா மேசையைப் பார்த்தா. வட்டங்களின் மேல் விரலை வைத்தா. "மேசை நல்ல ஊத்தையாக் கிடக்கு" என்றா. "இதுக்கு ஒரு பேணி தரேலாதோ?"

அம்மா தந்தார். நிரம்பத் தந்தார். பேணியை எடுத்தபோது கீழே புதிதாக ஒரு வட்டம் ஈரமாக மின்னியது.